10-வது நிமிடத்தில் நின்றுபோகும் ரிஸ்டோர்: பவர்ஷெல்லில் எஸ்கியூஎல் சர்வர் பேக்கப்பை மீட்பது

கேள்வி: இரவுப்பணி_நிர்வாகி

வணக்கம். புரொடக்ஷனில் எஸ்கியூஎல் சர்வர் 2019 ஓடுகிறது. அதன் பேக்கப்புகளை எஸ்கியூஎல் சர்வர் 2022 உள்ள ஒரு டெஸ்ட் சர்வரில் தினமும் தானாக ரிஸ்டோர் செய்ய பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். டேட்டா கோப்புகள் இரண்டும் சேர்ந்து 180 ஜிபி, லாக் கோப்பு 40 ஜிபி. கம்ப்ரஸ் செய்த ஃபுல் பேக்கப் 46 ஜிபி. ஞாயிறு இரவு 1 மணிக்கு ஃபுல், மற்ற நாட்களில் அதே நேரத்துக்கு டிஃபரன்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியது மட்டும்), 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் (நடந்த மாற்றங்களின் பதிவு). எல்லாம் ஒரே ஷேர்டு ஃபோல்டரில் விழுகின்றன.

ஸ்கிரிப்ட் செய்வது இவ்வளவுதான்: ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் பெயர் வரிசையில் எடுக்கும், ரிஸ்டோர்-எஸ்கியூஎல்டேட்டாபேஸ் கட்டளையால் ஃபுல்லை நோரெக்கவரியில் (அடுத்த பேக்கப்புகள் ஏறக் காத்திருக்கும் நிலையில்) போடும், பிறகு டிஃபரன்ஷியல், பிறகு லாக்குகள். நான்கு இடத்தில் இடிக்கிறது.

ஃபுல் ரிஸ்டோர் சரியாக 10-வது நிமிடத்தில் டைம்-அவுட் என்று நின்றுவிடுகிறது. அதுவரை சதவீதம் 0-லேயே இருக்கிறது. டேட்டாபேஸ் 'ரிஸ்டோரிங்' நிலையில் தொங்குகிறது.

சின்ன டேட்டாபேஸில் சோதித்தால் ஃபுல்லும் டிஃபரன்ஷியலும் ஏறுகின்றன, ஆனால் லாக்கில் 4305 பிழை. காலை 9 மணிக்கு ஓட்டினால் வராது, மதியம் ஓட்டினால் வரும். கோப்புப் பெயர் தேதி_மணி_நிமிடம் என்ற அமைப்பில் இருக்கிறது.

புரொடக்ஷனில் டேட்டா எஃப் டிரைவில், லாக் ஜி டிரைவில். டெஸ்ட் சர்வரில் டி, இ மட்டும்தான். ரிலொகேட்ஃபைல் பொருளை உருவாக்கிக் கொடுத்தால், 'ரிலொகேட்ஃபைலை ரிலொகேட்ஃபைலாக மாற்ற முடியவில்லை' என்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எல்லாம் முடிந்தாலும் அப்ளிகேஷன் யூசர் லாகின் ஆக முடிவதில்லை.

---

பதில் 1: பூஜ்ய_சதவீதம்

முதல் பிரச்சினைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

10 நிமிடம் என்பது தற்செயல் இல்லை. ரிஸ்டோர்-எஸ்கியூஎல்டேட்டாபேஸ் கட்டளை உள்ளே எஸ்எம்ஓ என்ற, எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. எஸ்எம்ஓ இணைப்பில் ஸ்டேட்மென்ட்-டைம்அவுட் மதிப்பு இயல்பாக 600 நொடி. ஒரு ரிஸ்டோர் வாக்கியம் அதற்குள் முடியாவிட்டால் கிளையன்ட் பக்கமே அதை ரத்து செய்துவிடும். சர்வர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. கனெக்ஷன்-டைம்அவுட்டை ஏற்றிப் பார்த்திருப்பீர்கள், பலன் இருந்திருக்காது. அது இணைப்பு கிடைக்கும்வரை காத்திருக்கும் நேரம் மட்டுமே.

சரிசெய்யும் வழி: சர்வர் பெயரை நேராகக் கட்டளைக்குக் கொடுக்காதீர்கள். எஸ்எம்ஓ சர்வர் பொருளை நீங்களே உருவாக்கி, அதன் கனெக்ஷன்-கான்டெக்ஸ்டில் ஸ்டேட்மென்ட்-டைம்அவுட்டை 0 ஆக்குங்கள். பிறகு அந்தப் பொருளை இன்புட்-ஆப்ஜெக்ட் அளவுருவாகக் கொடுங்கள். 0 என்றால் வரம்பில்லை. இன்வோக்-எஸ்கியூஎல்சிஎம்டி வழியாக ஓட்டுவதென்றால் குவரி-டைம்அவுட்டை வெளிப்படையாக 65535 என்று வையுங்கள். அது எடுக்கும் அதிகபட்ச மதிப்பு அதுதான், கிட்டத்தட்ட 18 மணி நேரம் வரும். பழைய எஸ்கியூஎல்சிஎம்டி நிரலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நேரம் குறிப்பிடாவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்த 0 சதவீதம். டைம்-அவுட்டை மட்டும் எடுத்துவிட்டுப் போனால் ரிஸ்டோர் முடியும், ஆனால் தேவையில்லாமல் நேரம் தின்னும். ரிஸ்டோர் தொடங்கியதும் சர்வர் முதலில் கோப்புகளை முழு அளவுக்கு உருவாக்குகிறது. பேக்கப் 46 ஜிபி என்பதால் டிஸ்கில் 46 ஜிபி போதும் என்று நினைக்கக் கூடாது, 220 ஜிபி வேண்டும். 'இன்ஸ்டன்ட் ஃபைல் இனிஷியலைசேஷன்' இல்லாத சர்வரில் அந்த 220 ஜிபி முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டுத்தான் பேக்கப்பைப் படிக்கவே ஆரம்பிக்கும். உங்கள் டிஸ்க் நொடிக்கு 200 எம்பி எழுதும் என்று வைத்துக்கொண்டால் டேட்டா கோப்புகளுக்கு மட்டும் 15 நிமிடம் ஆகும். 10-வது நிமிடத்தில் கிளையன்ட் வெட்டிவிடுகிறது, அதனால் நீங்கள் 0-ஐத் தாண்டிப் பார்த்ததே இல்லை.

இந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க சிஸ்.டிஎம்_சர்வர்_சர்வீசஸ் வியூவில் அதே பெயரில் ஒரு நெடுவரிசை இருக்கிறது, ஒய் அல்லது என் என்று காட்டும். என் என்றால், விண்டோஸ் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 'பெர்ஃபார்ம் வால்யூம் மெயின்டனன்ஸ் டாஸ்க்ஸ்' உரிமையை எஸ்கியூஎல் சர்வீஸ் ஓடும் கணக்குக்குக் கொடுத்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் சொந்தக் கணக்குக்குக் கொடுத்துப் பயனில்லை. இது டேட்டா கோப்புகளுக்கு மட்டும்தான். 40 ஜிபி லாக் கோப்பை எப்படியும் பூஜ்யத்தால் நிரப்பியாக வேண்டும். அதே வேகத்தில் மூன்றரை நிமிடம். டெஸ்ட் சர்வரில் இது வீண் என்று தோன்றினால் புரொடக்ஷனில் அந்த லாக் ஏன் 40 ஜிபி ஆனது என்று பாருங்கள். ரிஸ்டோர் செய்யும் இடத்தில் குறைக்க வழியில்லை.

எவ்வளவு ஆனது என்று அறிய இன்னொரு விண்டோவில் சிஸ்.டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸ் பாருங்கள். பெர்சன்ட்_கம்ப்ளீட், எஸ்டிமேட்டட்_கம்ப்ளீஷன்_டைம் இரண்டும் இருக்கும், பின்னது மில்லி நொடியில். ஸ்கிரிப்டிலேயே தெரிய வேண்டுமென்றால் ரிஸ்டோர் வாக்கியத்தில் ஸ்டாட்ஸ் = 5 சேர்த்து, இன்வோக்-எஸ்கியூஎல்சிஎம்டியை வெர்போஸ் ஸ்விட்சுடன் ஓட்டுங்கள். அந்த ஸ்விட்ச் இல்லாவிட்டால் செய்திகள் திரைக்கே வராது.

100 சதவீதம் காட்டிவிட்டு மேலும் சில நிமிடம் நின்றால் பதறி நிறுத்திவிடாதீர்கள். பக்கங்கள் நகர்ந்து முடிந்து லாக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

---

பதில் 2: எல்எஸ்என்_கணக்கன்

4305-க்கு வருகிறேன். காலை 9-க்கு வராது, மதியம் வரும் என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். பெயரில் மணி ஓரிலக்கமாக இருக்கிறது. எழுத்து வரிசையில் 1_45-க்கு அடுத்து 2_00 வராது, 10_00 வந்து நிற்கும். சர்வர் 1_45 முடிந்த இடத்திலிருந்து தொடர்ச்சியைக் கேட்கும். நீங்கள் 8 மணி நேரம் தாண்டிய லாக்கைக் கொடுக்கிறீர்கள். 'இந்த லாக் மிகவும் பிந்தையது' என்பதுதான் 4305. இதற்கு மாறாக ஏற்கனவே ஏறிவிட்ட பகுதியைச் சேர்ந்த லாக்கைக் கொடுத்தால் 4326 வரும், 'மிகவும் முந்தையது' என்று பொருள். 4326 வந்தால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். 4305 வந்தால் நடுவில் ஒன்று காணவில்லை, அங்கேயே நிற்க வேண்டும். ஸ்கிரிப்டில் இந்த இரண்டையும் ஒரே கேட்ச் பிளாக்கில் போட்டு விழுங்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கடைசியில் ரெக்கவரி ஆகி நிற்பது எந்த நேரத்து டேட்டா என்று யாருக்கும் தெரியாது.

மணியை ஈரிலக்கமாக மாற்றினால் தற்காலிகமாகத் தீரும். ஆனால் கோப்புப் பெயரையோ மாற்றிய நேரத்தையோ நம்பி வரிசைப்படுத்துவதே தவறு. பேக்கப் கோப்பின் தலைப்பிலேயே எல்லாம் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ரிஸ்டோர் ஹெடர்ஒன்லி ஓட்டி, வருகிற வரிகளை ஒரு பட்டியலில் சேருங்கள். பார்க்க வேண்டியவை இவை.

பேக்கப்டைப்: 1 என்றால் ஃபுல், 5 டிஃபரன்ஷியல், 2 லாக். கோப்பின் நீட்சிப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டிஃபரன்ஷியலுக்கும் பேக் என்றே பெயர் வைக்கிறவர்கள் நிறைய.

பொசிஷன்: ஒரே கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கப் இருக்கலாம். பேக்கப் எடுக்கும்போது இனிட் கொடுக்காவிட்டால் பழையதன் பின்னால் புதியது ஒட்டிக்கொள்ளும். ரிஸ்டோரில் ஃபைல் எண் குறிப்பிடாவிட்டால் முதலாவதுதான் ஏறும். எந்தப் பிழையும் வராது, மூன்று வாரம் பழைய டேட்டா சத்தமில்லாமல் வந்து உட்காரும். இதுதான் இருப்பதிலேயே மோசம். அதனால் பொசிஷனை எடுத்து ஃபைல் = அந்த எண் என்று எப்போதும் எழுதுங்கள்.

பேக்கப்செட்-ஜியூஐடி, டிஃபரன்ஷியல்பேஸ்-ஜியூஐடி: டிஃபரன்ஷியலின் பேஸ் ஐடி எந்த ஃபுல்லின் செட் ஐடியோடு பொருந்துகிறதோ, அந்த ஃபுல்லின் மேல்தான் அது ஏறும். பொருந்தாததைக் கொடுத்தால் 3136. வாரம் முழுக்க நன்றாக ஓடிய ஸ்கிரிப்ட் புதன்கிழமை திடீரென்று 3136 கொடுத்தால், செவ்வாய்க்கிழமை யாரோ டெவலப்பருக்காக காப்பி_ஒன்லி (டிஃபரன்ஷியலின் அடிப்படையை மாற்றாத தேர்வு) போடாமல் ஒரு ஃபுல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று பொருள். அந்த ஃபுல் கோப்பைத் தேடிப் பிடியுங்கள், கிடைக்காவிட்டால் டிஃபரன்ஷியலை விட்டுவிட்டு ஞாயிறு ஃபுல்லின் மேல் லாக்குகளை மட்டும் வரிசையாக ஏற்றலாம். இடையில் எடுத்த ஃபுல் லாக் சங்கிலியை உடைக்காது. வாரம் முழுக்க 672 லாக் இருக்கும், பொறுமை வேண்டும்.

ஃபர்ஸ்ட்எல்எஸ்என், லாஸ்ட்எல்எஸ்என்: எல்எஸ்என் என்பது லாக்கில் உள்ள பதிவின் வரிசை எண். டிஃபரன்ஷியலின் லாஸ்ட்எல்எஸ்என்னை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய லாஸ்ட்எல்எஸ்என் உள்ள லாக்குகளை மட்டும் வடிகட்டி ஃபர்ஸ்ட்எல்எஸ்என் வரிசையில் அடுக்குங்கள். முதல் லாக்கின் ஃபர்ஸ்ட்எல்எஸ்என் டிஃபரன்ஷியலின் லாஸ்ட்எல்எஸ்என்னைவிடப் பெரிதாக இருந்தால் ஓட்டைதான், தொடங்கவே தொடங்காதீர்கள். அதன்பின் ஒவ்வொரு லாக்கின் ஃபர்ஸ்ட்எல்எஸ்என்னும் முந்தையதன் லாஸ்ட்எல்எஸ்என்னாக இருக்க வேண்டும். ஒரு பைட் எழுதுவதற்கு முன்பே சங்கிலி முழுசா என்று இப்படிச் சொல்லிவிடலாம்.

இங்கே பவர்ஷெல்லுக்கே உரிய ஒரு பள்ளம் இருக்கிறது. எல்எஸ்என் 25 இலக்கம்வரை போகும் எண். அதை லாங் ஆக மாற்ற முடியாது, 19 இலக்கத்தோடு அதன் எல்லை முடிகிறது. டபுள் ஆக மாற்றினால் கடைசி இலக்கங்கள் உருண்டு அடுத்தடுத்த லாக்குகள் ஒன்றாகத் தெரியும். சரம் என்று வைத்து ஒப்பிட்டால் இலக்க எண்ணிக்கை கூடும் நாளில் 9 பெரிது, 10 சிறிது என்று உங்கள் மணிப் பிரச்சினையே திரும்ப வரும். டெசிமல் வகையில் வையுங்கள், 25 இலக்கமும் அப்படியே நிற்கும். சிஎஸ்வி கோப்பில் சேமித்துத் திரும்பப் படித்தால் எல்லாமே சரமாகிவிடும், வரிசைப்படுத்தும் இடத்தில் மறுபடி டெசிமலாக மாற்றுங்கள்.

பெயர் வரிசையைச் சரிசெய்த பின்னும் சில நாள் 4305 வந்தால், அந்த டேட்டாபேஸுக்கு வேறு ஏதாவது மென்பொருள் லாக் பேக்கப் எடுக்கிறதா என்று பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் முழுவதையும் பேக்கப் எடுக்கும் கருவிகள் சிலவற்றில் லாக் பேக்கப்பும் எடுக்கும் தேர்வு இருக்கும். சங்கிலியில் பாதிக் கண்ணி உங்கள் ஃபோல்டரில், மீதி அவர்கள் கிடங்கில். பேக்கப் வரலாற்றை வைத்திருக்கும் சிஸ்டம் டேட்டாபேஸ் எம்எஸ்டிபி. புரொடக்ஷனின் எம்எஸ்டிபி.டிபிஓ.பேக்கப்செட் அட்டவணையில் யார் எடுத்தாலும் பதிவு இருக்கும். எந்த இடத்துக்குப் போனது என்பது பேக்கப்மீடியாஃபேமிலி அட்டவணையில்.

---

பதில் 3: மூவ்_வாக்கியம்

ரிலொகேட்ஃபைல் பற்றி. கணினியில் எஸ்எம்ஓ அசெம்ப்ளியின் இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. நீங்கள் பொருளை உருவாக்கும்போது ஒரு பதிப்பு ஏறுகிறது, கட்டளை எதிர்பார்ப்பது இன்னொரு பதிப்பு. பெயர் ஒன்று, வகை வேறு. பழைய எஸ்கியூஎல்பிஎஸ் மாட்யூலும் புதிய எஸ்கியூஎல்சர்வர் மாட்யூலும் ஒரே செஷனில் ஏறியிருந்தால் இது அடிக்கடி வரும். புது மாட்யூலில் ஆட்டோ-ரிலொகேட்ஃபைல் என்ற ஸ்விட்ச் உண்டு. டெஸ்ட் சர்வரின் இயல்பான டேட்டா, லாக் ஃபோல்டர்களுக்குக் கோப்புகளைத் தானே மாற்றிவிடும். சர்வர் ப்ராபர்ட்டீஸில் அந்த இரண்டு ஃபோல்டரையும் டி, இ என்று சரியாக அமைத்துவிட்டால் உங்களுக்கு அதுவே போதும்.

ஆனால் இந்த வேலையில் நான் பொருள்களை நம்புவதில்லை. ரிஸ்டோர் வாக்கியத்தைச் சரமாகக் கட்டி ஓட்டுவதே நல்லது. பிழை வந்தால் அதே வாக்கியத்தை நகலெடுத்து மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் போட்டுப் பார்க்கலாம். ரிஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி ஓட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் லாஜிக்கல் பெயர், பழைய பாதை, வகை, அளவு கிடைக்கும். வகை டி என்றால் டேட்டா, எல் என்றால் லாக், எஸ் என்றால் ஃபைல்ஸ்ட்ரீம், அதற்குக் கோப்புக்குப் பதில் ஃபோல்டர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் 'மூவ் லாஜிக்கல் பெயர் டு புதுப் பாதை' என்று ஒரு துண்டு செய்து, காற்புள்ளியால் கோத்துவிடுங்கள். லாஜிக்கல் பெயரை ஸ்கிரிப்டில் கையால் எழுதி வைக்காதீர்கள். இரண்டு டேட்டா கோப்பு என்று எழுதி வைத்திருக்கும்போது புரொடக்ஷனில் மூன்றாவதைச் சேர்ப்பார்கள், அது எஃப் டிரைவைத் தேடிப் போய் 5133-ம் 3156-ம் சேர்ந்து வரும். அளவு நெடுவரிசையைக் கூட்டி, டிஸ்கில் அவ்வளவு காலி இருக்கிறதா என்பதையும் இதே இடத்தில் பார்த்துவிடலாம்.

புதுப் பாதையில் பழைய கோப்புப் பெயரை அப்படியே வைத்தால், அதே சர்வரில் அதே பேக்கப்பை வேறு பெயரில் இரண்டாவது முறை ரிஸ்டோர் செய்யும் நாளில் 1834 வரும், அந்தக் கோப்பு இன்னொரு டேட்டாபேஸின் கையில் இருக்கிறது என்று. கோப்புப் பெயரின் முன்னால் டேட்டாபேஸ் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

சரம் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. எஸ்கியூஎல்சிஎம்டியின் மாறிகள் டாலர் குறியும் வளைவு அடைப்பும் போட்டு எழுதப்படுபவை. பவர்ஷெல்லின் இரட்டை மேற்கோள் சரத்தில் அதே வடிவம் 'உள்ளே இருப்பதை ஓட்டு' என்று பொருள்படும். டேட்டாபேஸ் பெயரை ஒரு கட்டளை என்று எண்ணி ஓட்டப் பார்க்கும். ஒற்றை மேற்கோள் சரத்தில் எழுதினால் பவர்ஷெல் அதைத் தொடாது.

எஸ்கியூஎல்சிஎம்டியை பவர்ஷெல்லிலிருந்து அழைக்கிறீர்கள் என்றால் பி (-b) ஸ்விட்ச் கட்டாயம். அது இல்லாவிட்டால் ரிஸ்டோர் தோற்றாலும் வெளியேறும் எண் 0-தான். வெளி நிரல் என்பதால் ட்ரை-கேட்ச் அதைப் பிடிக்காது. ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் லாஸ்ட்-எக்ஸிட்-கோட் மாறியைப் பார்த்து, 0 இல்லையென்றால் நீங்களே த்ரோ செய்ய வேண்டும். ஷெட்யூலரில் பச்சை டிக் விழுந்துகொண்டே இருந்து, டேட்டாபேஸ் வாரக்கணக்கில் ரிஸ்டோரிங்கில் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு எழுத்துதான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஷெட்யூலரில் போட்டதும் வரும்: 3201, ஆபரேட்டிங் சிஸ்டம் எரர் 5. அனுமதி இல்லை என்பது. பேக்கப் கோப்பைப் படிப்பது நீங்கள் இல்லை, எஸ்கியூஎல் சர்வீஸ் ஓடும் கணக்கு. ஷேரில் அந்தக் கணக்குக்குப் படிக்கும் உரிமை வேண்டும், ஷேர் அனுமதி, ஃபோல்டர் அனுமதி இரண்டிலும். சர்வீஸ் இயல்பான விர்ச்சுவல் கணக்கில் ஓடினால் நெட்வொர்க்கில் அது சர்வரின் கம்ப்யூட்டர் கணக்காகத்தான் தெரியும், பெயருக்குப் பின்னால் டாலர் குறி போட்டது. எரர் 5-க்குப் பதில் 3 வந்தால் பாதையே தெரியவில்லை. நீங்கள் மேப் செய்து வைத்த இசட் டிரைவ் உங்கள் லாகினுக்கு மட்டும் சொந்தம், சர்வீஸுக்கு அது கிடையாது. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள்.

---

இரவுப்பணி_நிர்வாகி

நன்றி. இன்ஸ்டன்ட் இனிஷியலைசேஷன் என் என்றுதான் இருந்தது. உரிமை கொடுத்து, டைம்-அவுட்டை 0 ஆக்கியதும் ஃபுல் ஏறிவிட்டது. ஹெடர்ஒன்லி வைத்து வரிசைப்படுத்தியதில் 4305 போய்விட்டது.

இன்னும் இரண்டு. ஒன்று, இரண்டாம் நாள் ஏற்கனவே இருக்கும் டெஸ்ட் டேட்டாபேஸின் மேல் எழுதப் போனால் 3101 (டேட்டாபேஸை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்) வருகிறது. சிங்கிள்_யூசர் (ஒரே ஒரு இணைப்பு மட்டும்) போட்டுவிட்டுத்தான் ரிஸ்டோர் செய்கிறேன், சில நாள் போகிறது, சில நாள் போகவில்லை. இரண்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு மீட்க வேண்டி வந்தால், தவறான டெலீட் எப்போது நடந்தது என்று துல்லியமாகத் தெரியாதபோது, ஸ்டாண்ட்பையில் வைத்து ஒவ்வொரு லாக்காகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று படித்தேன். அந்தக் கட்டளையும் பிழை கொடுக்கிறது.

---

பதில் 4: எல்எஸ்என்_கணக்கன்

ஸ்டாண்ட்பை உங்கள் அமைப்பில் நடக்காது. ஸ்டாண்ட்பை என்றால் டேட்டாபேஸைப் படிக்க மட்டும் திறந்து காட்ட வேண்டும், 2019 பேக்கப்பை 2022-ல் திறக்க முதலில் அதை அப்கிரேடு செய்ய வேண்டும், அப்கிரேடு செய்துவிட்டால் அடுத்த லாக் ஏறாது. அதனால் சர்வரே மறுத்துவிடுகிறது. நோரெக்கவரியில் வைத்திருக்கும்வரை பதிப்பு வேறுபாடு இடிக்காது, கடைசி ரெக்கவரியில்தான் அப்கிரேடு நடக்கும். லாக் லாக்காகத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு 2019 இன்ஸ்டன்ஸ் வையுங்கள். புரொடக்ஷன் லைசென்ஸ் தேவையில்லை, இந்த வேலைக்கு டெவலப்பர் எடிஷன் போதும். ஒன்று நினைவிருக்கட்டும்: 2022-ல் ரெக்கவரி ஆனதை பேக்கப் எடுத்து 2019-க்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது, 3169 வரும். கம்பாட்டிபிலிட்டி லெவல் 150-லேயே இருந்தாலும் முடியாது.

நேரம் தெரிந்திருந்தால் ஸ்டாப்அட். கடைசி லாக்கில் மட்டும் கொடுக்காமல் எல்லா லாக் ரிஸ்டோரிலும் அதே நேரத்தைக் கொடுங்கள். அந்த நேரம் இன்னும் வராத லாக் முழுதாக ஏறி, டேட்டாபேஸ் ரிஸ்டோரிங்கிலேயே காத்திருக்கும், கேடு ஒன்றுமில்லை. கடைசியில் மட்டும் கொடுத்து, எது கடைசி என்று ஒரு கோப்பு தவறாகக் கணக்கிட்டால் அந்த நேரத்தைத் தாண்டிவிடுவீர்கள். மறுபடி ஃபுல்லிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நேரத்தை எழுதும் முறையில் கவனம். 05/11 என்று எழுதினால், லாகினின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும் இடத்தில் அது மே 11. ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதி, நேரத்துக்கு முன் டி (T) எழுத்து போட்ட ஐஎஸ்ஓ வடிவத்தில் கொடுத்தால் எந்த மொழியிலும் ஒரே பொருள். நேரம் என்பது புரொடக்ஷன் சர்வரின் கடிகாரம். கிளவுட் மெஷின்கள் பெரும்பாலும் யுடிசியில் ஓடும், மதியம் 2:30-க்கு டெலீட் செய்தேன் என்று இங்கிருந்து ஒருவர் சொன்னால் லாக்கில் அது காலை 9:00.

3101: சிங்கிள்_யூசரை ஒரு இன்வோக் அழைப்பிலும் ரிஸ்டோரை இன்னொரு அழைப்பிலும் ஓட்டுகிறீர்கள் அல்லவா? முதல் அழைப்பு முடிந்ததும் அந்த ஒரே ஒரு நாற்காலி காலியாகிறது. கனெக்ஷன் பூல் வைத்திருக்கும் அப்ளிகேஷன் ஓடிவந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது, நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். இரண்டையும் மாஸ்டரில் இருந்துகொண்டு ஒரே தொகுப்பாக ஓட்டுங்கள். அதைவிட எளிது, 'செட் ஆஃப்லைன் வித் ரோல்பேக் இமீடியட்' போட்டுவிட்டு ரீப்ளேஸ் உடன் ரிஸ்டோர் செய்வது. ஆஃப்லைனில் இருப்பதற்குள் யாரும் நுழைய முடியாது, ரிஸ்டோர் அதன் மேலேயே எழுதும். ஆனால் ஆஃப்லைனில் வைத்து டிராப் செய்துவிடாதீர்கள். டேட்டாபேஸ் பட்டியலிலிருந்து போகும், 220 ஜிபி கோப்புகள் டிஸ்கில் அநாதையாகக் கிடக்கும்.

ரீப்ளேஸ் பற்றி ஒரு சொல். 3154 (இது வேறு டேட்டாபேஸின் பேக்கப்), 3159 (லாக்கின் வால் பகுதி இன்னும் பேக்கப் ஆகவில்லை) இரண்டையும் அது வாய் மூட வைக்கும். டெஸ்ட் சர்வரில் சரி. அதே ஸ்கிரிப்டில் சர்வர் பெயர் அளவுருவாக இருந்தால், ஒரு நாள் புரொடக்ஷன் பெயர் அங்கே வந்து உட்காரும். ரிஸ்டோர் தொடங்குமுன் சர்வரிடமே அதன் பெயரைக் கேட்டு, அனுமதித்த பட்டியலில் இல்லாவிட்டால் நின்றுவிடும்படி இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

---

பதில் 5: பைப்லைன்_பிரியை

இவ்வளவையும் கையால் எழுத வேண்டுமா? டிபிஏடூல்ஸ் மாட்யூலில் ரிஸ்டோர்-டிபிஏடேட்டாபேஸ் என்ற ஒரே கட்டளை ஃபோல்டரைப் படித்து, தலைப்புகளைப் பார்த்து, ஃபுல்-டிஃபரன்ஷியல்-லாக் சங்கிலியைத் தானே கட்டும். ரிஸ்டோர்-டைம் கொடுத்தால் அந்த நேரத்துக்கு நிற்கும், டெஸ்டினேஷன்-டேட்டா-டைரக்டரி கொடுத்தால் மூவ் தானாக வரும். அவுட்புட்-ஸ்கிரிப்ட்-ஒன்லி என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, எதையும் ஓட்டாமல் ரிஸ்டோர் வாக்கியங்களை மட்டும் எழுதித் தரும். முதல் வாரம் அதை வைத்து ஓட்டி, வாக்கியங்களைக் கண்ணால் படித்துவிட்டுப் பிறகு அந்த ஸ்விட்சை எடுங்கள்.

உங்கள் நோக்கம் பேக்கப் உருப்படியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் என்றால் டெஸ்ட்-டிபிஏலாஸ்ட்பேக்கப் இன்னும் பொருத்தம். வேறு பெயரில் ரிஸ்டோர் செய்து, செக்டிபி (டேட்டாபேஸ் சிதைந்திருக்கிறதா என்ற சோதனை) ஓட்டி, முடிவைச் சொல்லி, டேட்டாபேஸை நீக்கிவிடும்.

இரண்டு இடத்தில் தடுக்கும். புதுப் பதிப்பில் இணைப்பு இயல்பாகவே என்கிரிப்ட் ஆகிறது, டெஸ்ட் சர்வரில் சுயமாகக் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால் இணைப்பே மறுக்கப்படும். எஸ்கியூஎல்சர்வர் மாட்யூல் 22-லும் இதே கதைதான். உள் நெட்வொர்க்கின் டெஸ்ட் சர்வர் என்றால் ட்ரஸ்ட்-சர்வர்-சர்ட்டிஃபிகேட் கொடுக்கலாம். இரண்டாவது, நூற்றுக்கணக்கான லாக் கோப்புகள் உள்ள ஃபோல்டரில் ஒவ்வொன்றின் தலைப்பையும் படிக்க நேரமாகும்.

---

மூவ்_வாக்கியம்

டிபிஏடூல்ஸ் நல்ல கருவி, தினசரி வேலைக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இன்டர்நெட் இல்லாத புது சர்வரில், நள்ளிரவில், மாட்யூலை நிறுவ முடியாத நிலையில்தான் உண்மையான ரிஸ்டோர் வரும். எஸ்கியூஎல்சிஎம்டி மட்டும் வைத்து ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், பேக்கப் கோப்புகள் கிடக்கும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். எம்எஸ்டிபி வரலாற்றை நம்பாமல் தலைப்புகளை மட்டும் படிப்பதாக இருக்க வேண்டும், புரொடக்ஷன் எரிந்துபோனால் எம்எஸ்டிபியும் சேர்ந்தே போயிருக்கும்.

விட்டுப்போன நான்காவது கேள்வி. டேட்டாபேஸுக்குள் இருக்கும் யூசர், சர்வரில் இருக்கும் லாகின், இரண்டையும் இணைப்பது பெயர் இல்லை, எஸ்ஐடி எண். டெஸ்ட் சர்வரில் அதே பெயரில் லாகின் உருவாக்கினாலும் எஸ்ஐடி வேறாகத்தான் இருக்கும். உடனடித் தீர்வு 'ஆல்டர் யூசர் ... வித் லாகின் = ...'. ஆனால் ஒவ்வொரு ரிஸ்டோருக்குப் பின்னும் இதைத் திரும்ப ஓட்ட வேண்டும். புரொடக்ஷனில் அந்த லாகினின் எஸ்ஐடியை எடுத்து, டெஸ்டில் கிரியேட் லாகின் போடும்போது எஸ்ஐடி = அதே மதிப்பு என்று ஒரு முறை கொடுத்துவிட்டால், அதன்பின் எத்தனை முறை ரிஸ்டோர் செய்தாலும் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் டொமைன் லாகின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, எஸ்ஐடி டொமைனிலிருந்தே வருகிறது.

கூடவே பார்க்க வேண்டியவை: டேட்டாபேஸின் ஓனர் ரிஸ்டோர் செய்த கணக்காக மாறியிருக்கும், சர்வீஸ் புரோக்கர் (டேட்டாபேஸின் செய்தி அனுப்பும் வசதி) அணைந்திருக்கும், ட்ரஸ்ட்வர்த்தி ஆஃப் ஆகியிருக்கும். அப்ளிகேஷன் புரோக்கரைப் பயன்படுத்தினால் டெஸ்டில் நியூ_புரோக்கர் என்றே இயக்குங்கள். புரொடக்ஷனின் அதே அடையாளத்தோடு இன்னொன்று ஓட வேண்டாம்.

---

இரவுப்பணி_நிர்வாகி

எஸ்ஐடி கொடுத்து லாகினை மறுபடி உருவாக்கினேன், உள்ளே போகிறது. ஆஃப்லைன் முறையில் 3101 வரவில்லை. இன்றைய ஓட்டத்தில் புதிதாக ஒன்று: ஒரு லாக் கோப்பில் 3203, எரர் 38.

---

பதில் 6: பூஜ்ய_சதவீதம்

38 என்றால் கோப்பு பாதியிலேயே முடிகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஸ்கிரிப்ட் எடுத்திருக்கிறது, அல்லது ஷேருக்கு நகல் முழுதாக வரவில்லை. மூலக் கோப்பின் அளவோடு ஒப்பிடுங்கள். கெட்-ஃபைல்ஹாஷ் இரண்டு பக்கமும் ஓட்டினால் சந்தேகமே இருக்காது. கடைசி 15 நிமிடத்துக்குள் மாற்றம் கண்ட கோப்புகளைப் பட்டியலில் சேர்க்காமல் விடுங்கள், அவை நாளைய ஓட்டத்தில் ஏறட்டும்.

பேக்கப் எடுக்கும் வேலையில் செக்சம் தேர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால்தான் வெரிஃபைஒன்லி பக்கங்களின் செக்சத்தைச் சரிபார்க்கும். இல்லாவிட்டால் கோப்பைப் படிக்க முடிகிறதா என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லாது. எப்படியிருந்தாலும் ரெக்கவரி முடிந்தபின் ஒரு செக்டிபி, நோ_இன்ஃபோமெசேஜஸ் (NO_INFOMSGS) உடன். தினமும் முழுதாக ஓட்ட நேரமில்லையென்றால் பிசிக்கல்_ஒன்லி தினமும், முழு செக்டிபி ஞாயிறு ஃபுல்லுக்குப் பின்னும்.